நின்றுபோன சைக்கிள் பயிற்சிக்குத் திரும்புகிறவர்களுக்கு: முதல் 16 வாரங்கள்

ஒரு காலத்தில் ஞாயிறுதோறும் 60, 70 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டிருந்து, பணி மாற்றம், குழந்தைப்பேறு, அறுவைச் சிகிச்சை, வீட்டில் ஒருவருக்கு நோய் என்று ஏதோ ஒரு காரணத்தால் ஓராண்டோ ஐந்தாண்டோ சைக்கிளைத் தொடாமல் இருந்துவிட்டு, இப்போது மறுபடியும் முறையாகப் பயிற்சி செய்ய விரும்புகிறவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. முதன்முறையாகச் சைக்கிள் பயிற்சிக்கு வருகிறவருக்குத் தன் எல்லை எதுவென்று தெரியாது. ஆகவே அவர் அஞ்சி அஞ்சித்தான் தொடங்குவார். திரும்பி வருகிறவருக்கோ பழைய எல்லை நன்றாக நினைவிருக்கும். இரண்டாம் வாரத்திலேயே அதைத் தேடிப் போவார். இப்படித் திரும்பி வருகிறவர்களில் பலர் இரண்டாம் மாதத்தில் முழங்கால் வலியோடு மறுபடி நின்றுபோவதற்கு இந்த நினைவே முதற்காரணம் என்பது என் கருத்து.

எது குறைந்திருக்கிறது, எது மிஞ்சியிருக்கிறது

பயிற்சியை நிறுத்தியவரின் உடலில் என்ன நிகழ்கிறது என்பதை எட்வர்ட் கொய்ல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. நெடுங்காலம் கடும் பயிற்சியில் இருந்த 7 பேர் 84 நாட்கள் பயிற்சியை நிறுத்தியபோது, உடல் உச்சநிலையில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு முதல் 21 நாட்களில் 7 விழுக்காடு குறைந்தது. 56ஆம் நாளில் 16 விழுக்காடு குறைந்து அங்கேயே நிலைகொண்டது. முதலில் ஏற்பட்ட சரிவுக்குக் காரணம், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு குறைந்ததே. ஆனால் தசைகளுக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் அடர்த்தி 84 நாட்களுக்குப் பிறகும் குறையவில்லை. மூன்று மாத ஆய்வை மூன்றாண்டு இடைவெளிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், எல்லாமே ஒரே வேகத்தில் போவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

திரும்பி வரும்போதும் அப்படித்தான். இரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாள் பயிற்சியிலேயே கூடத் தொடங்கிவிடும்; அதனால் இரண்டு மூன்று வாரங்களில் மூச்சு வாங்குவது குறைந்து, ஓட்டுவது திடீரென்று எளிதாகிவிட்டதைப் போலத் தோன்றும். தசைநாண்களும் மூட்டுகளைச் சுற்றியுள்ள இழைகளும் அவ்வளவு விரைவில் தயாராவதில்லை; அவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு, ஆகவே அவை பாரத்துக்குப் பழக மாதக்கணக்காகும். மூச்சு ‘போகலாம்’ என்று சொல்லும்போது முழங்கால் இன்னும் ‘பொறு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் இந்த இடைப்பட்ட ஏழெட்டு வாரங்களே மிகவும் அபாயகரமானவை. கீழே சொல்லப்படும் வரிசை முழுவதும் மூச்சின் வேகத்தை விட்டுவிட்டு முழங்காலின் வேகத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நாற்பது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ இளம்வயதில் மாரடைப்பு கண்டவர் உள்ள குடும்பத்தினர் ஆகியோர் தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், காரணமில்லாத மயக்கம், தாறுமாறான படபடப்பு ஆகியவற்றில் எதுவும் இருந்தால் வயது எதுவானாலும் இந்த விதி பொருந்தும். பிரசவத்துக்குப் பின் திரும்பும் பெண்கள், சீட்டில் உட்காரும் நேரத்தையும் அடிவயிற்றுத் தசைகளின் நிலையையும் பற்றித் தனியாகக் கேட்பது நல்லது. இரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இதயத் துடிப்பு இயல்பாக ஏறாது என்பதால், பின்னால் வரும் துடிப்புக் கணக்குகள் அவர்களுக்குப் பொருந்தா. அவர்கள் முதல் நான்கு வாரப் பகுதியில் சொல்லப்படும் பேச்சுச் சோதனையை மட்டும் பின்பற்றலாம்.

சைக்கிளைச் சாலைக்குத் தயார் செய்தல்

மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற சைக்கிள் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் விரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். விரிந்தால் அந்த டயரை மாற்றிவிட வேண்டும். ட்யூப்லெஸ் டயராக இருந்தால், துளையடைக்க உள்ளே ஊற்றிய சீலன்ட் திரவம் சில மாதங்களிலேயே காய்ந்து தோலாகிவிடும். புதிதாக ஊற்றாமல் புறப்பட்டால் முதல் முள்ளிலேயே காற்று இறங்கும். செயினில் துரு தெரியாவிட்டாலும் அதன் நீட்சியை அளந்து பார்ப்பது அவசியம். ஒரு பின்னின் நடுவில் தொடங்கி 24 கண்ணிகள் தள்ளியுள்ள பின்னின் நடுவரை அளந்தால், புதிய செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதைவிட 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் பின்சக்கரப் பற்களும் தேய்ந்து, செலவு இரண்டு மூன்று மடங்காகும். கடற்கரை ஊர்களில் வசிப்பவர்கள் பிரேக் கேபிளின் முனைகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும். உப்புக்காற்று முதலில் தின்பது அவற்றைத்தான்.

அடுத்ததாகச் சீட்டின் உயரம். சீட் போஸ்ட்டில் பழைய அளவைக் குறித்து ஒட்டிய இன்சுலேஷன் டேப் இன்னும் இருக்கலாம். அதை நம்பி அப்படியே ஏற்றிவிடக் கூடாது. இடைவெளியில் தொடையின் பின்பக்கத் தசைகள் இறுகியிருக்கும், வயிறும் சற்றுக் கூடியிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, குதிகாலைப் பெடலின் மேல் வைத்து, பெடலைத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது கால் நேராக நீண்டு, இடுப்பு ஒருபக்கம் சாயாமல் இருக்க வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் தேவையான சிறு மடிப்பு தானாகவே கிடைத்துவிடும். ஹேண்டிலின் கீழுள்ள வளையங்களை மாற்றி அடுக்கி, ஹேண்டிலைப் பழைய நிலையைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர்த்திக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. முதுகு பழகிய பிறகு மூன்றாம் மாதத்தில் இறக்கிக்கொள்ளலாம். 28 மில்லிமீட்டர் டயரும் 75 கிலோ எடையும் உள்ளவர் டயரின் காற்றழுத்தத்தை 70 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, சாலையின் தன்மைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு வரை அடிப்பது வேகத்தைக் கூட்டுவதில்லை, கையைத்தான் மரத்துப்போகச் செய்கிறது.

முதல் நான்கு வாரங்கள்: நேரம் மட்டும், வேகம் வேண்டாம்

இந்த நான்கு வாரங்களில் வாட் (மிதிக்கும் ஆற்றலின் அளவு), சராசரி வேகம், தூரம் ஆகிய எதையும் இலக்காக வைக்க வேண்டாம். சைக்கிளில் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் எழுதி வைத்தால் போதும். முதல் வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் அரைமணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் என்று தொடங்கி, நான்காம் வாரத்தில் வார நாட்களில் முக்கால் மணியும் ஞாயிறன்று ஒன்றரை மணியும் என்ற அளவுக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு மற்ற நாட்களில் சும்மா இருப்பதைவிட, வாரத்தில் நான்கு முறை சிறிது சிறிதாக ஓட்டுவது மூட்டுகளுக்கும் நல்லது, சீட்டில் உட்காரும் இடத்துக்கும் நல்லது. சென்னையில் இருப்பவருக்குத் திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்பினாலே 40 கிலோமீட்டரை ஒட்டி வரும் என்பதால், முதல் மாதத்தில் அந்தப் பாலத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுவது முறை.

முயற்சியின் அளவைப் பேச்சைக் கொண்டு அறியலாம். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்லி முடிக்க முடிய வேண்டும். தனியாக ஓட்டுகிறவர் ஒரு திருக்குறளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். ஏழு சீருக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகம் கூடுதல். கியரை இலேசாக வைத்து, நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்றுகள் பெடல் சுழலும்படி ஓட்ட வேண்டும். கனமான கியரில் மெதுவாக மிதிப்பது பழைய தசை நினைவுக்கு இதமாக இருக்கும் என்றாலும், ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் தாங்கும் விசை அதனால் கூடுகிறது.

நண்பர்களின் வேகமான குழுவோடு முதல் ஆறு வாரங்களுக்குச் சேர்ந்து ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. அவர்கள் அழைத்தால், வழக்கமாக நிறுத்தும் டீக்கடையில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் புறப்பட்டுவிடலாம். குழுவில் இருக்கும்போது பழைய வேகம் தன்னாலே வந்துவிடும். அன்று மாலைவரை பெருமையாகவும் இருக்கும். மறுநாள் படியிறங்கும்போதுதான் கணக்கு தெரியும்.

வலிகளைப் பிரித்தறியப் பழக வேண்டும். உட்காரும் எலும்புகள் இரண்டும் தொடும் இடத்தில் ஏற்படும் மந்தமான வலி இயல்பானது, இரண்டு மூன்று வாரங்களில் அடங்கிவிடும். அதற்கு நடுவில், மென்மையான பகுதியில் மரத்துப்போகும் உணர்வு வந்தால் அது இயல்பானதன்று. சீட்டின் சாய்வையோ அகலத்தையோ மாற்ற வேண்டும். முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாகவோ கியர் கனமாகவோ இருக்கிறது. பின்புறம் வலித்தால் சீட் உயரமாக இருக்கிறது. ஒரே தடவையில் 5 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாமல், மாற்றிய பின் மூன்று நான்கு முறை ஓட்டிப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால், உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். அடிக்கடி கையை இடம் மாற்றுவதும் ஹேண்டிலை உயர்த்துவதும் உதவும். ஓட்டி முடித்து 24 மணி நேரம் கழித்தும் வலி குறையாமலோ கூடியோ இருந்தால், அடுத்த ரைடைத் தயங்காமல் விட்டுவிட வேண்டும்.

ஐந்தாம் வாரத்தில் அளவெடுத்தல்

பழைய எஃப்டிபி, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச ஆற்றலின் அளவு, செயலியில் இன்னும் பதிந்திருந்தால் அதை முதலில் நீக்கிவிட வேண்டும். அந்த எண்ணை வைத்து வகுத்த பயிற்சி ஒவ்வொன்றும் இப்போதைய உடலுக்கு ஒரு படி கடினமாகவே அமையும். தொடங்கிய முதல் நாளே சோதனை செய்வதும் வீண். இரண்டே வாரத்தில் பொய்யாகிவிடும் எண்ணுக்காக, தயாராகாத முழங்காலை உச்ச முயற்சிக்கு உட்படுத்துவதில் ஒரு பயனும் இல்லை. நான்கு வாரங்கள் வலியின்றிக் கழிந்த பிறகு, ஐந்தாம் வாரத்தின் நடுவில் சோதனை செய்யலாம்.

மிதிக்கும் ஆற்றலை வாட்டில் அளக்கும் பவர் மீட்டரோ, சைக்கிளை வீட்டிலேயே நிறுத்தி ஓட்ட உதவி அதே அளவைக் காட்டும் ஸ்மார்ட் ட்ரெய்னரோ உள்ளவர்கள், 20 நிமிடம் வார்ம்-அப் செய்துவிட்டு, 20 நிமிடம் ஒரே சீராகத் தாங்கக்கூடிய உச்ச வேகத்தில் ஓட்டி, அந்தச் சராசரி வாட்டை 0.95ஆல் பெருக்கினால் எஃப்டிபி கிடைக்கும். முதல் ஐந்து நிமிடம் ‘இது எளிதாக இருக்கிறதே’ என்று தோன்றும்படி தொடங்குவதே சரியான தொடக்கம். சிக்னலும் வேகத்தடையும் இல்லாமல் 20 நிமிடம் ஓடக்கூடிய சாலை நகரத்தில் அரிது. வீட்டில் ட்ரெய்னரில் செய்கிறவர்கள் கட்டாயம் பெரிய மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கால்களின் வலிமையை அளப்பதற்குப் பதில் வெப்பத்தைத் தாங்கும் சக்தியைத்தான் அளந்துகொண்டிருப்பார்கள். வேலூர், திருப்பத்தூர்ப் பகுதியினருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிச் சாலையும், சேலத்துக்காரர்களுக்கு ஏற்காட்டுச் சாலையும் இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனைக்களங்கள்.

இதயத் துடிப்புக் கருவி மட்டும் உள்ளவர்கள், தனியாக 30 நிமிடம் இயன்ற அளவு வேகமாக ஓட்டி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை வரம்புத் துடிப்பாக எடுத்துக்கொள்ளலாம். 220இலிருந்து வயதைக் கழிக்கும் வழக்கமான கணக்கு கூட்டத்தின் சராசரிக்குப் பொருந்தும். தனியொருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் வரை தவறக்கூடும் என்பதால் அதை நம்பிப் பயிற்சியை வகுப்பது சரியன்று.

ஓர் எடுத்துக்காட்டாக எஃப்டிபி 160 வாட் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அதில் 56 முதல் 75 விழுக்காடு வரை, அதாவது 90 முதல் 120 வாட் வரை, நீண்ட இலகுவான ரைடுக்குரிய இரண்டாம் மண்டலம். 88 முதல் 94 விழுக்காடு வரை, அதாவது 141 முதல் 150 வாட் வரை, ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்று பயிற்சியாளர்கள் சொல்லும் பகுதி. உடலை அதிகம் வாட்டாமல் நல்ல பலன் தருவது. 106 முதல் 120 விழுக்காடு வரையுள்ள 170 முதல் 192 வாட், ஆக்சிஜன் உச்சத்தைத் தொடும் குறுகிய, கடினமான சுற்றுகளுக்கானது. துடிப்பைக் கொண்டு கணக்கிடுகிறவருக்கு வரம்புத் துடிப்பு 160 என்றால், 130 முதல் 142 வரை இரண்டாம் மண்டலம்.

கட்டமைத்த பயிற்சி: 5ஆம் வாரம் முதல் 16ஆம் வாரம் வரை

கட்டமைத்த பயிற்சி என்றதும் ஒவ்வொரு நாளும் வியர்த்துக் களைப்பது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி, பொறுமையைச் சோதிக்கும் அளவுக்கு இலகுவானது. நெடுந்தூர விளையாட்டுகளில் முன்னணியில் இருப்பவர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர், அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு இலகுவானவையாகவும் 20 விழுக்காடு கடினமானவையாகவும் இருப்பதைக் கண்டார். வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிகிற நமக்கு இந்த விகிதம் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டியதில்லை. ஆனால் திரும்பி வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறானது: எல்லா நாளும் நடுத்தரமான கடினத்தில் ஓட்டுவார்கள், இலகுவான நாள் போதிய அளவு இலகுவாக இராது, ஆகவே கடினமான நாளில் கால்கள் எழா.

மூன்று வாரம் படிப்படியாகக் கூட்டி, நான்காம் வாரம் மொத்த நேரத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பது பொதுவான அமைப்பு. ஐம்பதைக் கடந்தவர்களும், இரவில் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகவே தூங்க முடிகிறவர்களும் இரண்டு வாரம் கூட்டி மூன்றாம் வாரம் குறைப்பது பாதுகாப்பானது.

5ஆம் வாரம் முதல் 8ஆம் வாரம் வரை வாரத்துக்கு ஒரே ஒரு கடினமான அமர்வு போதும். கால்மணி நேரம் உடலைச் சூடாக்கிவிட்டு, ஸ்வீட் ஸ்பாட்டில் 8 நிமிடம் ஓட்டி, 4 நிமிடம் இலகுவாகச் சுழற்றி, இதை மூன்று முறை செய்ய வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் 8 நிமிடத்தைப் பத்தாகவும் பன்னிரண்டாகவும் நீட்டலாம். மூன்றாம் சுற்றின் கடைசி இரண்டு நிமிடத்தில் தொடை கனக்கும், மூச்சு ஆழமாகும், யாரேனும் பேச்சுக் கொடுத்தால் மூன்று நான்கு சொற்களில் பதில் சொல்லத் தோன்றும். ஆனால் முகம் சுளித்து ஹேண்டிலை இறுகப் பற்றும் நிலை வரக் கூடாது. நான்காவது ஒரு சுற்றும் முடியும் என்ற எண்ணத்தோடு முடித்தால் அன்றைய அமர்வு சரியாக நடந்திருக்கிறது.

9ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரை கடினமான நாட்கள் இரண்டாகலாம். செவ்வாயன்று எஃப்டிபியின் 90 முதல் 95 விழுக்காட்டில் 15 நிமிடச் சுற்றுகள் இரண்டு, பிறகு அவற்றையே 20 நிமிடமாக நீட்டுவது. வெள்ளியன்று ஏதேனும் மேம்பாலத்திலோ சரிவிலோ உட்கார்ந்தபடியே 3 நிமிட ஏற்றங்கள் ஐந்து. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 48 மணி நேர இடைவெளி இருக்க வேண்டும். 13ஆம் வாரம் முதல் 15ஆம் வாரம் வரை, முழங்காலில் எந்தக் குறையும் இல்லாதவர்கள் மட்டும் எஃப்டிபியின் 106 முதல் 120 விழுக்காட்டில் 4 நிமிடச் சுற்றுகள் நான்கைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் 20 நிமிடச் சுற்றுகளையே தொடர்வதால் ஒன்றும் குறைந்துவிடாது. 

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ரைடை 5ஆம் வாரத்தில் 45 கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில் கூட்டி, ஒவ்வொரு நான்காம் வாரமும் இறக்கி, 15ஆம் வாரத்தில் 120 கிலோமீட்டரை ஒட்டிக் கொண்டுவர வேண்டும். செப்டம்பர் நடுவில் தொடங்குகிறவர்களுக்கு இந்த நீண்ட ரைடுகள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வரும் என்பதால் காற்றின் திசையை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் போகும்போது காற்று முதுகில் தள்ளும். மாமல்லபுரம் வரை பறப்பதைப் போல இருக்கும். அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும். அந்த மாதங்களில் வழக்கமான தூரத்தில் கால்பங்கைக் கழித்துத் திரும்பும் இடத்தைத் தீர்மானிப்பது அறிவுடைமை. மழை கொட்டும் நாட்களில் ட்ரெய்னரில் ஒன்றரை மணி நேரம் ஓட்டுவதை, சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஈடாக வைத்துக்கொள்ளலாம்; அதில் இறக்கமும் இல்லை, சும்மா உருளும் நேரமும் இல்லை.

செயலிகள் காட்டும் ‘ஃபிட்னஸ்’ கோட்டைப் பற்றி ஒரு சொல். அது கடந்த 42 நாட்களின் பயிற்சிச் சுமையைச் சராசரியாகக் கணக்கிட்டுக் காட்டுவது மட்டுமே. தூக்கமில்லாத இரவும், அலுவலக நெருக்கடியும், முழங்காலின் முணுமுணுப்பும் அந்தக் கோட்டுக்குத் தெரியா. கோடு ஏற வேண்டும் என்பதற்காக ஓய்வு வாரத்தைத் தின்றுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

வாரத்தில் இரண்டு நாள், 20 நிமிடம் மட்டும் உடற்பயிற்சிக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டும்: உட்கார்ந்து எழுந்திருத்தல், இடுப்பை மடக்கி எடை தூக்குதல், ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துதல், முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க். முதுகும் இடுப்பும் தாங்கினால்தான் மூன்றாம் மணி நேரத்தில் கால்களுக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும்.

தண்ணீர், உப்பு, உணவு

நம் ஊர் வெயிலில் பயிற்சியைக் கெடுப்பது பெரும்பாலும் கால்களின் பலவீனமன்று. நீரிழப்பும் வெறும் வயிறுமே. வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் தேவைப்படும். குளிரூட்டிய அறையிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்தவர் முதல் இரண்டு வாரம் காலை ஏழரை மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நலம். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் தன் வியர்வையின் அளவு ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும்: குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். பொதுவாக மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்க வேண்டியிருக்கும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்தானது. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் வரலாம்.

விலையுயர்ந்த பொடிகளைத் தேட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சையின் சாறு சேர்த்தால் கடையில் விற்கும் விளையாட்டுப் பானத்துக்கு ஏறக்குறைய ஈடான ஒன்று கிடைக்கும். (சர்க்கரை நோயாளிகள் இந்தப் பத்தியைத் தங்கள் மருத்துவரிடம் காட்டிய பிறகே பின்பற்ற வேண்டும்.) ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ரைடுகளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், நடுத்தர அளவுள்ள ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. பசித்த பிறகு தின்பதால் பயனில்லை, முதல் முக்கால் மணி நேரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். உடல் எடையைக் குறைக்கத்தான் திரும்ப வந்தேன் என்கிறவர்கள், குறைப்பதை ஓய்வு நாட்களின் உணவில் வைத்துக்கொள்ளட்டும். கடினமான அமர்வை வெறும் வயிற்றில் செய்கிறவர் அமர்வையும் கெடுத்துக்கொண்டு, மதியம் இரு மடங்கு உண்டு எடையையும் ஏற்றிக்கொள்வார்.

அட்டவணை தவறும்போது

16 வாரங்களில் ஒரு திருமணமோ, காய்ச்சலோ, பிள்ளைகளின் தேர்வோ குறுக்கிடாமல் போகாது. மூன்று நாட்கள் வரை விட்டுப்போனால், விட்டதை ஈடுகட்ட முயலாமல் அட்டவணை இருக்கும் இடத்திலிருந்து தொடரலாம். ஒரு வாரம் போனால் அதற்கு முந்தைய வாரத்தை மறுபடி செய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ஒரு முழுப் பகுதி, அதாவது நான்கு வாரம், பின்னால் போய்விடுவதே நல்லது. காய்ச்சல் இருக்கும்போது ஓட்டவே கூடாது; வைரஸ் காய்ச்சலின்போது உடலை வருத்துவது இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும் அபாயம் உடையது. காய்ச்சல் விட்டபிறகும் ஒரு வாரம் இலகுவான ரைடுகளோடு நிறுத்திக்கொண்டு, காலையில் விழித்தவுடன் எண்ணும் துடிப்பு வழக்கமான அளவுக்குத் திரும்பியபின் கடினமான அமர்வுகளைத் தொடங்கலாம்.

இலக்காக ஒரு 200 கிலோமீட்டர்

தேதி குறித்த இலக்கு ஒன்று இருந்தால் அட்டவணை தானாகவே உறுதிப்படும். இதற்கு மிகவும் ஏற்றது 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம், என்பது என் பரிந்துரை. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பின் கீழ் பல நகரங்களில் நடக்கும் இதில் முதலிடம், இரண்டாமிடம் என்பதே கிடையாது. 13 மணி 30 நிமிடத்துக்குள், இடையில் உள்ள கட்டுப்பாட்டு நிலையங்களை அவற்றுக்குரிய நேரத்துக்குள் கடந்து, முடித்தால் போதும். உணவு, பழுதுநீக்கம் எல்லாம் அவரவர் பொறுப்பு. முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிபிரதிபலிக்கும் மேலாடை ஆகியவற்றைப் பற்றிய விதிகளை நிகழ்ச்சி அறிவிப்பில் பார்த்துத் தயாராக வேண்டும். 120 கிலோமீட்டரை நிதானமாக முடித்த உடல், போதிய உணவும் சீரான வேகமும் இருந்தால், 200ஐயும் முடித்துவிடும்.

கடைசி வாரத்தில் மொத்த நேரத்தைப் பாதியாகக் குறைத்து, இரண்டு நாட்களுக்கு முன் 2 நிமிட வேகச் சுற்றுகள் மூன்றை மட்டும் செய்தால் கால்கள் மந்தமாகா. அந்த வாரத்தில் புதிய சீட், புதிய ஷூ, புதிய பானம் எதையும் முயன்று பார்க்கக் கூடாது. ஓடும் நேரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றாலே 200 கிலோமீட்டர் பத்து மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்றரை மணி நேரம் கையில் மிஞ்சும். புதியவர்கள் அந்த நேரத்தை இழப்பது சாலையில் அன்று, கடை வாசலில்: பத்து இடங்களில் கால்மணி நேரம் நின்றாலே இரண்டரை மணி நேரம் போய்விடும். ஆகவே எங்கெங்கே நிற்பது, அங்கே என்ன வாங்குவது, எத்தனை நிமிடத்தில் கிளம்புவது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஹேண்டிலின் நடுவில் ஒட்டிக்கொண்டு புறப்பட வேண்டும்.